வீடு பார்க்க வந்த கல்லூரி

ஒரு முறை எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு கல்லூரி வந்தது. கல்லூரி எப்படி வரும் என்று கேட்பீர்கள். வெள்ளைக் காரில், கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு, ஒரு பேராசிரியையாக வந்தது. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நடந்துவிட்டது. இப்போது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மணலிப் பக்கம் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். ஆனாலும் பரீட்சை முடிவு வரும் மாதத்தில் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து, கல்லூரியில் இடம் கொடுக்க மதிப்பெண் மட்டும் போதுமா, பிள்ளை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டுமா என்று கத்த ஆரம்பித்தால் எனக்கு அந்த வெள்ளைக் கார்தான் ஞாபகம் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டைக் கீழே வைத்துவிட்டு டிவியோடு சண்டை போடுவேன். அறையில் பதில் சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் சாலையில் பாதி தூரம் வந்தால், ஏரிப் பக்கமாக ஒரு மண்வழி பிரியும். அதன் கடைசியில் எங்கள் வீடுகள். குப்பத்துக்காரர்களிடம் ஃபைபர் படகு இருக்கிறது, வலை இருக்கிறது. எங்களிடம் கை இருக்கிறது. நைனாவும் அம்மாவும் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, அடியில் இருக்கும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அகப்பட்டதைப் போட்டுக்கொள்ள பனையோலையில் முடைந்த பறி ஒன்று கழுத்தில் தொங்கும். அது தண்ணீரோடு போய்விடாமல் இருக்க அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பறியைக் கடித்துக்கொண்டு பேச முடியாது. சனி, ஞாயிறுகளில் நானும் இறங்குவேன். மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்போம், மணிக்கணக்காக ஒரு வார்த்தை இருக்காது. தண்ணீருக்குள் இருந்த அந்தத் தனிமை எனக்குப் பழகிப்போன ஒன்று. பள்ளிக்கூடத்தில் இருந்ததுதான் பழகவில்லை.

எங்கள் வீடுகளிலிருந்து மேல்நிலைப் பள்ளி வரைக்கும் போனவள் அந்த வருடம் நான் ஒருத்திதான். கூடப் படித்த பெண்கள் எட்டோடும் பத்தோடும் நின்று தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். அவர்களோடு பேச எனக்குப் பாடம் தவிர ஒன்றும் இல்லை, வகுப்பில் இருந்தவர்களோடு பேச ஏரியைத் தவிர ஒன்றும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது உட்கார்ந்தால் என் சட்டையை நானே முகர்ந்து பார்த்துக்கொள்வேன். சேற்று வாடை வருகிறதா என்று. வேதியியலுக்கு அந்த வருடம் பாதி நாள் ஆசிரியர் இல்லை. கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, புத்தகத்தையெல்லாம் பாலிதீன் பையில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தோம். இதையெல்லாம் இன்றைக்கு டிவிக்காரர்களிடம் சொன்னால் 'பின்னணி' என்பார்கள். எனக்கு அப்போது அதற்குப் பெயர் தெரியாது. வீடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி நோட்டீஸ் போர்டில்தான் அந்தக் கல்லூரியைப் பற்றிப் பார்த்தேன். சென்னையில் பெரிய பெயர் உள்ள தனியார் கல்லூரி. புள்ளியியல் படிப்பு இருந்தது. எனக்கு எண்கள் என்றால் ஆசை, அந்தப் படிப்பு எங்கள் பக்கத்தில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. அங்கே மதிப்பெண்ணோடு வீட்டு நிலைமையையும் பார்த்துச் சில பேருக்கு இடம் கொடுப்பார்களாம். அப்படிக் கிடைத்தால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கிடைக்காவிட்டால் அந்த வாசலை மிதிப்பதற்குக்கூட நமக்கு வழி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். பொன்னேரிக்குப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பித்தேன். தாலுகா ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றிதழையும் ஏற்றினேன். அதில் இருந்தது உண்மை. கொஞ்ச நாளில் அம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. உங்கள் மகளின் மதிப்பெண் நன்றாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றார்கள். அம்மா சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் நைனாவைக் கூப்பிட்டாள்.

"வூட்ட பாக்க வராங்களாம்."

நைனா பறியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு கலவரத்தை நான் பார்த்ததில்லை.

"எப்போ?"

"நாயித்துக்கெழம."

"இன்னாமே இது, நாலு நாள்தான் கீது. அதுக்குள்ள எப்டி ரெடி பண்றது?"

நம் பக்கத்தில் வெளியாட்கள் வீடு பார்க்க வருவது எதற்கு? பெண் எடுக்கத்தான். பெண்ணைப் பார்ப்பது ஒரு சாக்கு, வீட்டைத்தான் பார்ப்பார்கள். கூரை எப்படி, பாத்திரம் எப்படி, உட்காரச் சொல்லி எதைப் போடுகிறார்கள், காபியில் பால் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார்கள். ஒரு குறை தெரிந்தால் போயிற்று. நைனாவின் இரண்டு தங்கைகளுக்கும் அப்படித்தான் நடந்தது. ஒருத்திக்கு வந்த நல்ல இடம், வீட்டில் நாற்காலி இல்லை என்று திரும்பிப் போனது. அதை அவர் மறக்கவே இல்லை. இப்போது சென்னையிலிருந்து ஒரு பெரிய இடம் மகளை எடுத்துக்கொள்ள வீடு பார்க்க வருகிறது. விடுவாரா?

"நைனா, இருக்கற மாரியே இருக்கட்டும். அவங்க அத்தப் பாக்கத்தான் வராங்க," என்றேன்.

"இருக்கற மாரின்னா?"

அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதைப் பார்க்க வருகிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் தகப்பன் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வாள்? அந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. இறாலே படாத நாளில்கூட, கரையில் யாராவது கேட்டால் "ஏரி குடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு வருபவர் நைனா. ஏரியைக் குறை சொன்னால் ஏரி கேட்டுக்கொண்டிருக்கும், மறுநாளும் கொடுக்காது என்பது அவர் நம்பிக்கை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது ஊரில் உள்ள பழமொழி. எங்கள் வீட்டில் அழுத பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும்.

சனிக்கிழமை வேலை நடந்தது பாருங்கள், கல்யாண வீடு தோற்றுவிடும். கோயிலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பெரியம்மா வீட்டு டேபிள் ஃபேனும், புதிதாக வாங்கி அவர்களே இன்னும் பற்ற வைக்காத கேஸ் அடுப்பும் வந்தன. சித்தப்பாவின் பைக் வாசலில் நின்றது. சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த காங்கிரீட் வீடு எங்களுடையது, கூரை ஒழுகி உள்சுவரெல்லாம் பச்சை பிடித்திருந்தது. நைனா எங்கேயோ போய் மிச்சம் இருந்த பெயிண்டை வாங்கி வந்து அடித்தார். நல்ல ரோஸ் கலர். பறிகள், ஈரத்துணி, கிழிந்த தார்ப்பாய் எல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குவித்து மேலே ஓலையைப் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது எங்கள் வீட்டில் நடந்தது. எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. சாயங்காலம் அந்த ஃபேன் காற்றில், ரோஸ் கலர் சுவருக்கு முன்னால், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மேடம் வந்தார். நல்ல மனுஷி, இன்றைக்கும் அதைச் சொல்வேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நைனா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் வெள்ளை வேட்டியில், சவரம் செய்த முகத்தோடு நின்றார். சேற்றில் சிப்பி கிழித்துக் கிழித்து அவருடைய விரல் நுனிகள் பிளந்திருக்கும். அந்தக் கைகளைத் தோள்துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, பணிவு மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்.

"வருமானம்லாம் எப்படிங்க?" என்று மேடம் கேட்டார்.

"ஏரி குடுக்குது மேடம். கொற ஒண்ணும் இல்ல."

"வெளியில நிக்கற பைக் உங்களுதா?"

நைனா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"நம்மளுதுதான்," என்றார்.

அதில் பாதி நிஜம். சித்தப்பாவுடையது என்றால் நம்முடையதுதான் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. மேடத்தின் கணக்கு வேறு. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. படிக்கறதுக்கு வீட்ல ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார் என்றும் புரிந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நைனா கதவோரத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பார்த்து நான் கண்டதில்லை.

"ஒண்ணும் இல்ல மேடம்," என்றேன்.

சாப்பாடு போட்டார்கள். விடியற்காலையில் நைனா தனியாக இறங்கிப் பிடித்து வந்த பெரிய பச்சை நண்டு. அந்த அளவு நண்டை நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. காலைக் கயிற்றால் கட்டி உயிரோடு வியாபாரிக்குப் போய்விடும், எங்கள் குழம்புக்கு விரல் அளவு குஞ்சுதான். மேடம் ஓட்டை உடைக்கத் தெரியாமல் திணறியபோது நைனா சிரித்துக்கொண்டே உடைத்துக் கொடுத்தார். "இவ்ளோ பெரிய நண்டு நான் ஹோட்டல்லகூடப் பாத்ததில்லைங்க," என்றார் மேடம். நைனாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? குளிர்ந்துபோய்விட்டார்.

கார் வரைக்கும் நான் கூடப் போனேன். மண்வழியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மேடம், அந்த ஃபேன் எங்களுடையது இல்லை, வீட்டுக்குப் பின்னால் வந்து பாருங்கள் என்று சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. நைனா. கையில் ஒரு பை, பைக்குள் இன்னும் இரண்டு நண்டு அசைந்துகொண்டிருந்தது. மேடம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கடைசியில் வாங்கிக்கொண்டார். காரில் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டி, "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்," என்றார்.

அடுத்த வாரம் கல்லூரி ஆபீசிலிருந்து ஒருவர் பேசினார். நான் ஏரிக்கரையில் நின்று கேட்டேன். மதிப்பெண்ணில் பிரச்சினையே இல்லை, பட்டியலில் மேலேதான் இருக்கிறாய் என்றார். ஆனால் அந்த இடங்கள் ரொம்பக் கஷ்டப்படுகிற பிள்ளைகளுக்கு, நேரில் பார்த்ததும் சான்றிதழில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, கட்டணம் கட்டிச் சேர்வதானால் தாராளமாக வரலாம் என்று மரியாதையாகவே சொன்னார். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். நேரில் பார்த்தது எல்லாம் இரவல் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் நைனாவைப் பொய்யர் என்று சொன்னதாகும். சரிங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். கரையில் நண்டு வளைகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக மிதித்து மூடினேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். நைனா காத்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க பாப்பா?"

"மார்க்கு பத்தல நைனா."

என் மதிப்பெண் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. முடிவு வந்த அன்றைக்கு "பாஸா?" என்று கேட்டார், ஆமாம் என்றதும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், அதோடு முடிந்தது.  இப்போது என் தலையில் கையை வைத்தார்.

"பரவால்ல வுடு. நீயும் கஷ்டப்பட்டுத்தான் படிச்ச. நம்ம வூட்டு சைடுல ஒரு கொறயும் வைக்கல பாரு, அது போதும்."

அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைத் தாங்கிக்கொள்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பொன்னேரியில் அரசுக் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தேன். நல்ல கல்லூரிதான், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் பஸ், சனி ஞாயிறு தண்ணீர். புள்ளியியல் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். நைனா நாலு பேர் இருக்கும் இடத்தில் அந்தக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. "பாப்பா மார்க்குலதான் வுட்டுடுச்சு. மத்தபடி வூட்டப் பாத்து அந்த மேடம் அசந்து பூட்டாங்கோ." கேட்பவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம் என்பார்கள். நானும் சிரிப்பேன். நான் மக்கு என்று ஊருக்கே தெரிந்தது. நான் மக்கு இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். அது எப்படிப்பட்ட தனிமை என்று சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சண்டையில் அவள் அதை நைனா மேல் எறிவாள்.

அதனால்தான் டிவி சண்டையில் நான் இரண்டு பக்கமும் சேர முடியாமல் தவிக்கிறேன். மதிப்பெண்தான் எல்லாம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஏரியில் வலைக்காரர்கள் ஒரே ஆளை எப்போதும் நல்ல இடத்தில் வலை போட விடமாட்டார்கள். முறை வைத்து இடம் மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடத்தில் நின்றவன் நிறையப் பிடித்தால் அதில் அவன் கெட்டிக்காரத்தனம் பாதி, இடம் பாதி என்று அவர்களுக்குத் தெரியும். அந்த முறையிலும் கையால் பிடிக்கிற எங்களுக்குப் பங்கு கிடையாது, அது வேறு சண்டை. ஆக, பிள்ளை நின்ற இடத்தைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பார்க்கலாம் பார்க்கலாம் என்று பேசுகிறவர்களும் ஒன்றை நினைப்பதில்லை. யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? உன் இல்லாமையைக் காட்டு என்று கேட்டால், அதைக் காட்டக் கூடாது என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் உழைத்த ஒரு மனிதர் என்ன செய்வார்? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு, கசக்காத கந்தை எங்கே என்று கேட்டால் எப்படி?

இந்த வருடம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெண் பன்னிரண்டு முடித்தாள். எனக்குப் பிறகு அவ்வளவு தூரம் வந்தவள் அவள். வேறொரு கல்லூரி, ஆனால் அதே மாதிரி இடம். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள் என்று போனில் என்னிடம் அவளே சொன்னாள். "உங்க நைனாதான் எல்லாம் ரெடி பண்றாருக்கா, அவருக்குத்தான் இதெல்லாம் தெரியுமாம்," என்றாள் சந்தோஷமாக.  சனிக்கிழமை பாதி நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திருப்பாலைவனம் தாண்டும்வரை என்ன சொல்வது என்று யோசித்தேன். 

நான் போனபோது நைனா கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலையில் நாற்காலிகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியவை. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வேணாம் நைனா."

"இன்னா வேணாம்?"

"நாக்காலி வேணாம். ஒண்ணும் வேணாம். வூடு இருக்கற மாரியே இருக்கட்டும். வரவங்க கொறயப் பாக்கத்தான் வராங்க."

நைனா சிரித்துவிட்டார். "எந்த ஊர்ல பாப்பா கொறயப் பாத்து பொண்ண எடுக்கறாங்க? நம்ம வூட்டுக்கும்தான வந்தாங்கோ, ஒரு கொற சொன்னாங்களா? நீ மார்க்கு வாங்கல. அதுக்கு வூடு இன்னா பண்ணும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். இன்னும் பத்து வருடம் கழித்து இவளும் ஒரு ஒற்றை அறையில் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

"மார்க்கு வாங்கனேன் நைனா," என்றேன். "மார்க்கு பத்திச்சு. வூடுதான் ஜாஸ்தியாய்டுச்சு."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிவதை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.   அப்படியே திரும்பி, அந்தச் சுமையோடு கோயிலை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன், ஆனால் பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே அவர் ஏரிக்குப் போய்விட்டார். கடைசி வீட்டுக்குக் காரில் வந்தவர்கள் இரண்டு பேர். பாயில் உட்கார்ந்தார்கள். ஒழுகிய இடங்களைப் பார்த்தார்கள், பறியை எடுத்துப் பார்த்தார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடி அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகாமல் தண்ணீரில் இறங்கினாள், எத்தனை நாள் வெறும் வயிற்றோடு போனாள் என்று சொன்னாள். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவள் பேசப் பேச அவள் அம்மா சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் போகும்வரை அவள் திரும்பவில்லை. அவள் முதுகைப் பார்த்த பிறகு, அன்றைக்கு நைனா செய்தது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைனா அந்தக் கார் போன பிறகுதான் கரையேறினார். அம்மா சோறு போட்டாள். அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பறி வாயில் இல்லை, ஆனாலும் பேச்சு இல்லை. பாதிச் சோற்றில் கையை நிறுத்தினார்.

"எவ்ளோ பாப்பா வாங்கின?"

"ஐந்நூத்தி நாப்பத்தாறு நைனா."

"எத்தினிக்கு?"

"அறுநூறுக்கு."

இறால் எடை போட்டுப் பழகியவர், கணக்கில் தப்பு வராது. மனசுக்குள் கழித்துப் பார்த்தார்.

"அம்பத்தி நாலுதான் கொற."

"ஆமா நைனா."

 தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்.

"அதுவும் தண்ணில போனதுதான் பாப்பா. சனிக்கெழம நாயித்துக்கெழமல்லாம் உன்ன எறக்கிட்டேனே."